உங்கம்மா ஜெயிச்ச அமெரிக்க ஸ்டிரைக்

ஜமுனாமரத்தூர்,
மார்ச் 3

அன்பு மகள் மஞ்சுளாவுக்கு அப்பா எழுதறது. இங்க நானும் உங்கம்மாவும் தம்பியும் ரெண்டு ஆடும் நல்லபடியா இருக்கோம், பிட்ஸ்பர்க் குளிர்ல நீயும் சுகமா இருக்கணும்னு கும்பிட்டுக்கறேன். போன்ல சொல்லலாம்னா உங்கம்மா வெக்கப்பட்டு பிடுங்கி கட் பண்ணிடறா, அதான் எழுதி உன் தம்பிகிட்ட குடுத்து போட்டோ புடிச்சு அனுப்பச் சொல்றேன். நாலு நாளா எனக்கு சிரிப்பு அடங்கல கண்ணு.

உன் தம்பி பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு இந்த வாட்டி பெத்தவங்கதான் நாடகம் போடணும்னு வரலாறு டீச்சர் ரேணுகாதேவி சொல்லிட்டாங்க. இன்னா நாடகம்னா, நீ இருக்கற ஊருக்குப் பக்கத்துலயே நூத்தி முப்பது வருசத்துக்கு முன்னாடி நடந்ததாம். இரும்பாலை வெச்சிருந்த கோடீஸ்வரர் ஒருத்தர், ஊருக்கு லைப்ரரி கட்டிக் குடுத்தவராம், அவர் ஆலையிலயே கூலியைக் குறைச்சாங்களாம். வேலைக்காரங்க எதுத்து நின்னு கடைசியில தோத்துட்டாங்களாம். முதலாளி நான்தான். பேண்டு செட்டுக்காரங்களோட சிவப்புக் கோட்டு, வயித்துல தலைகாணி, ஆட்டு மயிருல மீசை. கூலி ஆளுங்களா உங்கம்மாவும் அவளோட புளி கொட்டை எடுக்கற ஏழு பொம்பளைங்களும்.

முன் வரிசையில நம்ம புளி மண்டி காசி மாலையோட உக்காந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு இருபது பெஞ்சு வாங்கிக் குடுத்ததால அவர்தான் சிறப்பு விருந்தினர். அதே மனுசன் பொங்கலுக்கு அப்புறம் இவங்க எட்டு பேருக்கும் கிலோவுக்கு ரெண்டு ரூபா கூலியைக் குறைச்சதை உனக்குச் சொல்லல, சொன்னா உடனே பணம் அனுப்பிடுவே. நாடகத்துல உங்கம்மா என் கால்ல வுழுந்து குறைக்காதீங்க ஐயான்னு அழணும், நான் அடியாளுங்களை ஏவித் துரத்தணும், அவ்ளோதான். அவ வுழல. என்னைப் பாக்கக்கூட இல்ல. காசியைப் பாத்து, புள்ளைங்களுக்கு பெஞ்சு குடுத்தீங்க, சந்தோசம், அது எங்க கூலியில புடிச்ச காசுதானேன்னு கேட்டுட்டா. என் வயித்துத் தலைகாணி நழுவுது. துரத்துங்கடான்னு நான் கத்தணும், தலைகாணியைப் புடிக்கறதா கத்தறதான்னு தெரியல. அடியாளா நின்ன ஆட்டோ வெற்றிவேல் தடியைக் கீழ போட்டுட்டு, கூலி ஆளா இருந்த அவன் பொண்டாட்டி சசிகலா பக்கத்துல போய் உக்காந்துகினான், மத்த அடியாளுங்களும் அவன் பின்னாடியே போயிட்டாங்க. நான் தனியாளு. சரி சரி, பழைய கூலியே வாங்கிக்கங்கன்னுட்டேன்! ஒரே விசில். திரைக்குப் பின்னாடி டீச்சர், ஐயோ அங்க தோத்துட்டாங்கங்க, இவங்க ஜெயிக்கக் கூடாதுங்கன்னு கெஞ்சறாங்க, யார் கேக்கறது.

வூட்டுக்கு வந்ததும்தான் உங்கம்மாவுக்கு பயம் வந்துது. வேலை போச்சுன்னா பக்கத்துல வேற மண்டி ஏது. மறுநாள் காலையில எட்டு பேரும் மண்டி வாசல்ல போய் நின்னாங்க, நானும் ஏதோ சோலி இருக்கற மாதிரி பின்னாடியே போனேன். காசி தராசை ஓரமா வெச்சுட்டு வாசலுக்கு வந்தார். அப்புறம், பழைய கூலியே தர்றேன் முத்தம்மா, ஆனா இனிமே என்னை முன் வரிசையில உக்கார வெக்காதீங்கன்னார். எல்லாரும் சிரிச்ச சிரிப்புல அவரும் சிரிச்சுட்டார்.

அதனால நீ பணம் அனுப்பாதே. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கினு வெளிய போ. அந்த ஆலை இருந்த இடத்தைப் பாத்தா ஒரு போட்டோ அனுப்பு, எட்டு பேரும் கேட்டுக்கினே இருக்காங்க. நீண்ட ஆயுசோட சிரிச்ச முகமா இருக்கணும் கண்ணு. ஒண்ணு மறந்துடாதே, அடுத்த வருசம் பிரெஞ்சுப் புரட்சியாம், ராஜா வேசம் எனக்காம். அந்த ராஜாவுக்கு இன்னா ஆச்சுன்னு உன் தம்பி படிச்சுக் காட்டினான். உங்கம்மா இப்பவே சரின்னுட்டா, நீதான் டீச்சருக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லணும்.

இப்படிக்கு,
தலை இன்னும் கழுத்து மேல இருக்கற உன் அப்பா
ராஜாக்கண்ணு