எல்லைக்கல்லுக்கு அப்பால் ஓர் எரிமலை

என் உயிர் மச்சான் யோகனுக்கு,

நேற்று உன் எரிமலைக்குப் போய்வந்தேன். விடியும் நேரத்தில், காற்று எழுவதற்கு முன்னால், நீ சொன்னபடியே. கூட உன் மகள் ஆரணி வந்தாள். நீ கேட்டுவிட்டுப் போன கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் நம்மை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால், சிலவற்றை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். நீ எப்போதும் என்னைவிடப் பொறுமைசாலி.

பல்கலைக்கழகத்தில் ஒரே வாங்கில் இருந்து நிலவியல் படித்தோம். எண்பதுகளில் ஒரே விமானத்தில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினோம். அகதி விசாரணையில் ஒரே கதையை இரண்டு மேசைகளில் சொன்னோம். என் மேசையில் இருந்தவர் நம்பினார். உன் மேசையில் இருந்தவர் நம்பவில்லை. வேறு விளக்கம் எதுவும் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. நான் பான் நகரத்தில் வேலையும் வீடுமாக அமர்ந்தேன். உன் கையில் ‘துல்டுங்’ என்ற தாள் தரப்பட்டது. உன்னை ஏற்கவில்லை, இப்போதைக்கு அனுப்பவும் இல்லை என்பது அதன் பொருள். அனுமதியில்லாமல் மாவட்டத்தை விட்டு வெளியேறக்கூடாது என்பது அதன் நிபந்தனை. ஆரணி பிறந்து, வளர்ந்து, பள்ளி முடிக்கும் வயதுக்கு வந்தபின்னும் அந்தத் தாள் மாறவில்லை.

உன்னை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதுதான் விந்தை. எரிமலைச் சரிவில்! லாகர் ஏரி என்பது வெடித்துச் சிதறிய மலையின் வாய். அது மாண்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கிழக்குக் கரையில் இன்றும் அடியிலிருந்து வாயு குமிழிகளாக மேலே வருகிறது. "நித்திரை கொள்ளுற ஆளைச் செத்திட்டான் எண்டு சொல்லலாமோ?" என்பாய். வெடித்தபோது மலை எறிந்த நுரைக்கல்லெல்லாம் உன் பக்கத்தில் விழுந்து கிடந்தது. வாய் மட்டும் அடுத்த மாவட்டத்தில்.

"பாத்தியே, மலை பெர்மிட் கேக்காமல் இஞ்சால வந்திட்டுது. நான் அங்கால போக ஏலாது" என்று நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு எப்படி வந்தது?

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பேருந்தில் வந்து, ஏரியைச் சுற்றி நடந்து, மேட்டில் ஏறுவேன். நீ மறுபுறத்திலிருந்து ஏறி வருவாய், ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டு. உச்சியில், புங்கமோ வாகையோ இல்லாத அந்த அந்நியக் காட்டில், பாசி படிந்த மாவட்ட எல்லைக்கல் ஒன்று. அதற்கு இருபுறமும் நாம் அமர்ந்து சாப்பிட்டோம்.

"நீ அங்கால இருந்து சாப்பிடு, நான் இஞ்சால இருந்து சாப்பிடுறன். கறி மட்டும் தாண்டட்டும்."

"ஒரு காலை வைச்சுப் பாரன்டா. இந்தக் காட்டுக்குள்ள ஆர் பாக்கினம்?"

"ஆரும் பாக்கினமோ இல்லையோ, பிள்ளைக்குப் பேப்பர் வரவேணும். என்ர ஒரு காலால அது குழம்பக்கூடாது."

ஒருமுறை முறைப்படி அனுமதி கேட்டாய். சூரிய உதயத்தில் எரிமலையைப் பார்க்க வேண்டும் என்று உண்மையான காரணத்தையே எழுதினாய். மறுநாள் எனக்குத் தொலைபேசியில் சொன்னாய்: "‘ஹெர் யோகநாதன், ஜேர்மனியில எரிமலை இல்லை’ எண்டு கந்தோர்க்காரி சொல்லிப்போட்டாள், மச்சான். நல்ல மனுசி. என்ர இருமலையும் விசாரிச்சவள்." நீ கோபப்படவில்லை. அந்த வேலையை எனக்கு விட்டுவைத்தாய். நான் அதை ஒழுங்காகச் செய்துவருகிறேன்.

ஆகவே உன் கண்களாக நான் போனேன். தண்ணீர் சுடுகிறதா, குமிழி சிறிதா பெரிதா என்று கேட்பாய். நான் போய்ப் பார்த்து வந்து சொல்வேன். ஒரு கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குமிழிகள் சிதறி வருகின்றனவா, வரிசையாக வருகின்றனவா? வரிசையென்றால் கீழே பிளவு இருக்கிறது. அதைப் பார்க்க ஏரி கண்ணாடியாய்க் கிடக்க வேண்டும். விடியற்காலையில்தான் அது நடக்கும். ஞாயிறு முதல் பேருந்து வருவதற்குள் காற்று எழுந்துவிடும். உங்கள் அகதி விடுதியில் விருந்தினர் இரவு தங்கவும் கூடாது.

பிறகு ஒரு மாரிக்காலத்தில் உன் இதயம் நின்றது. எரியூட்டும் இடம் இரண்டு மாவட்டம் தள்ளி. உன்னை ஏற்றிய வண்டி ஓட்டோபான் நெடுஞ்சாலையில் ஏரிக்குத் திரும்பும் பாதையைக் கடந்து போனது. பின்னால் வந்த காரில் நான் இருந்தேன். எவரும் உன்னை நிறுத்தவில்லை. எவரும் அனுமதி கேட்கவில்லை. இதை நான் மறக்கப்போவதில்லை. மன்னிக்கும்படி என்னைக் கேட்பவர்கள், முதலில் அந்த வண்டிக்குப் பின்னால் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

நீ போன மறு ஆண்டு உன் மனைவி பத்மாவுக்கும் ஆரணிக்கும் வதிவிட அனுமதி கிடைத்தது. உன் மகள் பல் மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகுகிறாள்; கல்லை விட்டுப் பல்லுக்குப் போய்விட்டாள். நான் கார் வாங்கியிருக்கிறேன். நேற்று இருட்டோடு போய் அவளை ஏற்றினேன். பத்மா குடுவையில் தேநீர் தந்துவிட்டாள்.

உன் பக்கத்திலிருந்தே ஏறினோம். எல்லைக்கல்லருகே ஆரணி நின்றுவிட்டாள்.

"ஏன் பிள்ளை, கால் நோகுதோ?"

"இல்லை மாமா. இதுக்கு அங்கால நான் போனதில்லை."

"பள்ளிக்கூடத்தால எல்லாரையும் கூட்டிக்கொண்டு போறவையெல்லோ?"

"போனவை. அனுமதியும் எடுத்துத் தந்தவை. நான் வயித்துக்குத்து எண்டு பொய் சொல்லி நிண்டிட்டன். அப்பா பாக்காததை நான் எப்பிடி முதல் பாக்கிறது?" பிறகு மெதுவாக, "அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் சொல்லேல்லை" என்றாள்.

இதோ, உனக்குச் சொல்லிவிட்டேன். கோபிக்காதே. உனக்குத்தான் அது வராதே.

நமக்குப் பின்னால் சூரியன் எழுந்தது. வெளிச்சம் முதலில், மரங்களுக்கிடையே தெரிந்த ஏரியின் எதிர்க்கரையைத் தொட்டு, தண்ணீர்மேல் மெல்ல நம் பக்கம் வந்தது. ஆரணி அது வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள், சிறுமியாக உன் கையைப் பிடித்ததுபோல. கல்லைத் தாண்டினாள். அதற்குப் பிறகு நான்தான் பின்னால் மூச்சிரைக்க ஓடவேண்டியிருந்தது.

கரையில் முழங்காலிட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டாள். "ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கு!" ஏரியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. திடீரென்று கத்தினாள்: "மாமா, ஓடி வாங்கோ! ஒண்டுக்குப் பின்னால ஒண்டு! அங்க வரைக்கும் போகுது, பாருங்கோ!"

வரிசையாகத்தான் வருகின்றன, மச்சான். கரையிலிருந்து சாய்வாக உள்ளே போகும் ஒரே நேர்கோடு. பிளவு இருக்கிறது. நீ பார்க்காமலே சரியாகச் சொன்னாய்.

அங்கேயே, ஏரிப் பக்கத்தில் அமர்ந்து தேநீர் குடித்தோம். உனக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள். உனக்கு நான் தரும் வாக்கு இதுதான்: எனக்கு ஏறமுடிகிற காலம் வரைக்கும் ஆண்டுதோறும் அவளோடு அந்த மேட்டைத் தாண்டுவேன். கல்லின் நீ இருந்த பக்கத்தில் நம்மில் எவரும் இனி உட்கார்ந்து சாப்பிடமாட்டோம். உன் பங்குக் கோபத்தையும் நானே வைத்திருக்கிறேன். நீ நிம்மதியாக இரு.

கறியைக் கல்லுக்கு மேலால் நீட்டிய உன் மச்சான்,
ஆரணியின் மாமா,
பாலன்