பட்டங்களில் தீர்ந்த சார்ஜ்

நலம் பெருகுக. நீர்க்கோட்டை நாட்டில் மழை பொய்யாதிருக்க, ஆநிரை பல்க, அந்நாட்டரசரின் தமக்கையாரும் எங்கள் வெண்ணாவல் நாட்டுப் பட்டத்தரசியுமாகிய அல்லியங்கோதைத் தேவியார் திருமுன்பு, முற்பிறவியில் மதுரையில் செல்போன் பழுது பார்த்து, பேருந்து மோதி மாண்டு, சிறகு யானைகள் பறக்கும் இந்நாட்டில் மறுபடி பிறந்து, பழைய நினைவு போகாமையால் தொலைபேசி அமைச்சனாக்கப்பட்ட ஆதன்கீரன் அடிபணிந்து விடுக்கும் ஓலை.

தேவியார் சினம் நியாயமானதே. வடவேரிக் கரை உடையுமென்று தாங்கள் அவையில் உரைத்தபோது மன்னர் வெண்கொற்றனார் நகைத்ததும், மூன்றாம் நாளே கரை உடைந்ததும், மன்னர் மன்னிப்புக் கேட்டாலன்றித் திரும்பேன் என்று தாங்கள் பிறந்தகம் ஏகியதும் நாடறிந்தவை. அன்றுமுதல் மன்னர் சரியாக உண்பதில்லை. சமையற்காரர் தம் கைப்பக்குவம் கெட்டதோ என்று கலங்குகிறார்.

சென்ற திங்கட்கிழமை, நான் செய்தளித்த செல்போனில் மன்னர் தங்களை அழைத்தது மன்னிப்புக் கேட்கவே. ஆயின் அரசர் வேற்று நாட்டிற்கு விடுக்கும் சொல்லைக் கட்டியக்காரரே உரைக்க வேண்டும். அதற்குமுன் நாற்பத்திரண்டு பட்டங்களையும் ஓத வேண்டும். பட்டத்திற்கொரு முறை முரசு முழங்க வேண்டும். இது இந்நாட்டு மரபு. கார்காலமாதலால் சூரியத் தகட்டுக்கு வெயில் கிட்டவில்லை, சார்ஜ் கொஞ்சமே உள்ளது, சுருக்குங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேன். கட்டியக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆற அமரத் தொடங்கினார். முப்பத்தொன்பதாம் பட்டத்தில் செல்போன் அணைந்தது.

தம் பெருமையைக் கேட்பிக்கவா அழைத்தார் என்று தாங்கள் தோழியரிடம் வினவியதாக அங்குள்ள எம் ஒற்றர் தெரிவித்தார், அவரையும் மன்னித்தருள்க. அது கேட்டு மன்னர் முகம் போன போக்கைத் தேவியார் கண்டிருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வெயில் வந்ததும் மறுபடி அழைக்கலாம் என்றார் மன்னர். நான் மறுத்தேன். முற்பிறவியில் என் மனைவியோடு சண்டையிட்டு, கடையில் இருந்தபடியே மன்னித்துவிடு என்று செய்தி அனுப்பினேன். நேரில் சொல்லலாமென்று புறப்பட்ட வழியில்தான் அந்தப் பேருந்து வந்தது. அவள் அதைப் படித்தாளா என்பது இப்பிறவியிலும் எனக்குத் தெரியாது. இன்றும் மனம் அரிக்கிறது. இதை மன்னரிடம் சொன்னேன். அவர் செல்போனை என் கையிலேயே திருப்பித் தந்தார்.

ஆகவே தேவியார் தம் வாயிற்காவலர்க்கு ஆணையிட்டருள்க: முழங்கால்வரை சேறு படிந்து, கால் வீங்கி இவ்வோலை கொணர்பவரை, ஊர் பேர் கேட்டு நிறுத்தாமல் உள்ளே விடுக. பல்லக்கும் வேண்டாம், சிறகு யானையும் வேண்டாம் என்று ஐந்து நாள் நடந்து வந்தவர். இவ்வோலையில் அரச முத்திரை இல்லை. முத்திரை மோதிரம் அவர் விரலில் இருக்கிறது.

எஞ்சியதை அவரே தம் வாயால் சொல்வார்.