தி. இளமதி

மே 11, 2025. சிதம்பரம்

இமயமலைக் குழுவுக்கு விண்ணப்பித்தாச்சு. அதில் 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகமாட்டேன் என்கிறது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டேன்: தில்லைநாதன்.

அப்பா பார்த்துவிட்டார். "பனியில போயி சாவறதுக்கு எம் பேரு ஒரு கேடா? எங்கயும் எம் பேர சொல்லிக்காத."

எனக்கு முப்பத்தொரு வயசு. போகத்தான் போகிறேன்.

ஜூலை 19

வழியனுப்ப அப்பா ஸ்டேஷனுக்கும் வரவில்லை. இருக்கட்டும்.

ஜூலை 31. அடிவார முகாம்

நாங்கள் ஏறப்போகும் சிகரத்துக்குப் பெயர் கிடையாது, வரைபடத்தில் வெறும் எண். இதுவரை ஒரே ஒரு குழுதான் ஏறியிருக்கிறதாம்.

இங்கே எனக்கும் பெயர் கிடையாது. காலையிலிருந்து "தில்லைநாதன், கயிறு", "தில்லைநாதன், டீ". அது என் அப்பா பெயர் என்று குழுத் தலைவரிடம் சொன்னேன். லிஸ்டில் அப்படித்தான் இருக்கிறது என்கிறார். எந்த மனுஷன் சொல்லாதே என்றாரோ, அவர் பெயரையே நாள் முழுக்கச் சுமக்கிறேன்.

ஆகஸ்ட் 9

ஏறிட்டோம். 6,140 மீட்டர். விரல் மரத்துப்போச்சு, எழுத வரலை.

உச்சியில் நின்று தலைவர் வயர்லெஸ்ஸில் சொல்கிறார்: "தில்லைநாதன் மேலே வந்தாச்சு." அழுதேன். சந்தோஷத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

ஆகஸ்ட் 24. சிதம்பரம்

தெருமுனையில் ஃப்ளெக்ஸ். 'இமயம் தொட்ட எங்கள் தில்லைநாதன்.' கூடவே அப்பாவின் வேட்டி கட்டின போட்டோ. மாடிப்படி ஏறினாலே முழங்காலைப் பிடித்துக்கொள்கிற மனுஷன்.

தெரு நற்பணி மன்றத்துச் செம்பியனைப் பிடித்துக் கேட்டேன். "மல ஏறுனவங்க லிஸ்டுல அந்தப் பேருதான்க்கா இருந்துச்சி. அவுரு போட்டோதான் எங்ககிட்ட இருந்துச்சி. ஒங்க வூட்டு பேருதான, இதுல என்னா?"

இதுல என்னாவா? அப்பாவுக்குச் சால்வை வேறு போட்டிருக்கிறார்கள். அவரும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 25

அப்பா காலையிலேயே கடலூர் போய்விட்டார். ஏன் என்று சொல்லவில்லை. அங்கேயும் சால்வை போடுகிறார்களோ என்னவோ.

ஆகஸ்ட் 27

தெருமுனையில் புது ஃப்ளெக்ஸ். கடலூரில் கடையிலேயே உட்கார்ந்து அடித்து வாங்கிவந்தாராம். பனிக்கண்ணாடியோடு என் படம். 'இமயம் தொட்ட இளமதி.' அவ்வளவுதான்.

"இனிஷியல் எங்கப்பா?"

"எம் பேர சொல்லாதன்னு நாந்தான சொன்னேன். இப்ப எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு போடறது?"

எனக்கு வந்ததே கோபம். செம்பியனிடம் ஸ்டூலும் மார்க்கரும் வாங்கி, மேலே ஏறி, 'இளமதி'க்கு முன்னால் பெரிசாக 'தி.' போட்டேன்.

கீழே அப்பா, ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு: "பாத்து எறங்கு. வுழுந்துடப் போற."