வெள்ளிக் கைக்கு நாற்பத்தேழு

ஜூன் 12, வியாழன்

பரிசுக்கு வந்த பதினொரு கவிதைத் தொகுப்புகளையும் படித்து முடித்தாயிற்று. மற்ற பத்துத் தொகுப்புகளுக்கும் மதிப்பெண் போட அரை நாள்கூட ஆகவில்லை. அருள்பாண்டியின் புத்தகத்தை மட்டும் மூன்று முறை படித்தேன். ஐம்பதுக்கு நாற்பத்தேழு. இருபத்தாறு வருடம் விருதுநகரில் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்தியவள் நான். தாராளமாகப் போடுகிற கை இல்லை இது.

பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்து வரும் மனைவியைப் பற்றி ஒரு கவிதை:

வேனிலிருந்து இறங்குகிறாள் –
வெள்ளி பூசிய கைகள்.
குழாயடியில் நான் நீர் ஊற்ற
நிலவு கரைந்து ஓடுகிறது சாக்கடையில்.

இப்படி எழுதுகிறவனுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

ஜூன் 21, சனி

திருத்தங்கலில் நடுவர் கூட்டம். ராம்குமாரின் அச்சகத்து மாடி. கீழே மெஷின் ஓட, நாற்காலி அதிர்ந்துகொண்டே இருந்தது. பரிசு கொடுப்பவர் அவர்தான். ஜெயிக்கிற கவிதையைப் படத்தோடு அடுத்த வருடக் காலண்டரில் போடுவார். ஆடிப்பெருக்கன்று புது வருட மாதிரிகள் அடங்கிய காலண்டர் ஆல்பம் வெளியிட்டாக வேண்டும் என்று அவருக்கு அவசரம்.

இன்னொரு நடுவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் லட்சுமிகாந்தம் சார், அருள்பாண்டி பெயரைச் சொன்னதுமே கொதித்துவிட்டார்.

“எட்டு வருசம் பொண்டாட்டி சம்பளத்துல உக்காந்து தின்னுருக்கான். தாங்க முடியாம அந்தப் பிள்ளை மகளைக் கூட்டிட்டு ஏழாயிரம்பண்ணைக்கே போயிருச்சு. அவனுக்கா பரிசு?”

“சார், நாம பரிசு குடுக்கிறது புத்தகத்துக்கு. புருசனுக்கு இல்ல” என்றேன். ராம்குமார் சிரித்துவிட்டார். வாதம் அங்கேயே முடிந்தது. நான் வாயைத் திறந்தால் அப்படித்தான்.

காலண்டர் படத்துக்கு அந்த மனைவியின் கையையே போட்டோ எடுத்தால் என்ன என்றார் ராம்குமார். சம்மதம் வாங்கும் பொறுப்பு என் தலையில்.

ஜூன் 22

லட்சுமிகாந்தம் சார் இன்னும் கோபமாக இருக்கிறாராம். இருக்கட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

ஏழாயிரம்பண்ணை போய்விட்டு வந்தேன். வேலை இல்லாத நாள். அருள்பாண்டியின் மனைவி மாரிசெல்வி மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். கவிதையைப் படித்துக் காட்டினேன். வகுப்பில் படிப்பது போல நிறுத்தி, நிதானமாக.

“நல்லாருக்கு டீச்சர். இது யாரு?”

“நீதான்.”

“நானா? நான் கருந்திரி வேலைல்லா பாக்கேன், வெடிக்கு வைக்கிற திரி. எங்களுக்குக் கை கருகருன்னு இருக்கும். வெள்ளிக் கை வெடிக்குள்ள மருந்து செலுத்துறவுகளுக்கு. எம்புட்டு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணுல கருப்புப் போகாது. அந்தக் கையிலதான் எட்டு வருசம் அவருக்குச் சோறு போட்டேன்.”

குழாயடியில் தண்ணீராவது ஊற்றினானா என்று கேட்டேன். குடும்பத்துக்குள் நுழையமாட்டேன் என்று பேசியவள் ஏன் கேட்டேன்?

“நான்தான் பிடிச்சுக் கழுவிக்கிடுவேன். அவரு எழுதிக்கிட்டிருப்பாரு.”

பிறகு அவளே சொன்னாள்: “வேணும்னா போட்டோ எடுத்துக்கிடுங்க. கூட வேலை பாக்குறவுக பார்த்தாத்தான் சிரிப்பாக.”

எடுக்கவில்லை. புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 30

எரிச்சலாக இருக்கிறது – அவன் மேல் இல்லை, என் மேல். என் அப்பா நடத்தியதே பட்டாசுக் கம்பெனிதான். தீபாவளிக்கு முன்னால் போனஸ் வாங்க வரும் பெண்கள் எங்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். இனிப்புப் பெட்டியை ஒவ்வொருத்தி கையிலும் நான்தான் வைப்பேன். ஒரு கையையாவது பார்த்தேனா? பார்த்திருந்தால் நாற்பத்தேழு போட்டிருப்பேனா? நிலவு, வெள்ளி என்றதும் காது இனித்தது. அதோடு விட்டுவிட்டேன்.

ஜூலை 5, சனி

மறுபடியும் கூட்டம். நாற்பத்தேழை முப்பத்தொன்றாக்கினேன். காரணத்தைச் சொன்னேன், என் தவறையும் சொன்னேன்.

“இதைத்தானம்மா நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார் லட்சுமிகாந்தம் சார்.

இல்லை, அவர் சொன்னது வேறு. மோசமான புருஷன் நல்ல கவிதை எழுதலாம். அதில் நான் இன்னும் மாறவில்லை. எட்டு வருடம் பக்கத்தில் இருந்த கையின் நிறம் தெரியாமல் அதைப் பற்றியே எழுதினானே, அதுதான் குறை. அந்தக் குறை புத்தகத்துக்குள் இருக்கிறது. அவள் வீட்டுக்குப் போன பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது என்பது – சரி, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பரிசு, அடுத்த மதிப்பெண்ணில் இருந்த மல்லாங்கிணறு சுகிர்தாவுக்கு.

ஜூலை 8

அருள்பாண்டி போனில் பிடித்துவிட்டான்.

“கவிதையில வெள்ளிங்கிறது நிறம் இல்ல மேடம், உணர்வு.”

“கருப்புக்கு உணர்வு கிடையாதா தம்பி?” என்று கேட்டு, கருந்திரி வேலையைச் சொன்னேன்.

“அவ திரி வேலையா பார்த்தா?” என்றான் மெதுவாக.

பாவமாகத்தான் இருந்தது. மதிப்பெண்ணை மாற்றவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ராம்குமார் ஆல்பம் கொடுத்தனுப்பினார். சுகிர்தாவின் கவிதைக்கு, களத்தில் மிளகாய் வத்தல் காய்கிற படம். சிவப்பு நன்றாக ஏறியிருக்கிறது.

சாயங்காலம் மாரிசெல்வி கூப்பிட்டாள். அருள்பாண்டி அவள் வீட்டுக்குப் போயிருக்கிறான்.

“வாசல்ல நின்னு கையைக் காமிங்கிறாரு டீச்சர். பார்த்துட்டுக் கவிதையைத் திருத்தணுமாம்.”

“நீ என்ன சொன்ன?”

“நீங்க குடுத்த புத்தகத்தை எடுத்தாந்து அவருகிட்ட குடுத்தேன். அதுலயே பார்த்துக்கிடுங்கன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன்.”

இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக, அவளுடைய அந்தப் பதிலுக்கு ஐம்பதுக்கு ஐம்பது போடத் தோன்றியது.