காமாலை என்று சொன்னோம்

2024 மார்ச் 5, செவ்வாய்

பேராதனை ஆஸ்பத்திரியில் ஸ்கேன். பித்தப்பையில் மூன்று கல். பெரியது கொண்டைக்கடலை அளவாம். ஆறு மாதமாக வாயு, வாயு என்று இஞ்சிச் சாறு குடித்த அறிவாளி நான். பையை எடுத்துவிட்டால் சரி என்றார் டொக்டர். அதோடு விட்டிருக்கலாம்.

"கல் உள்ள சில பேருக்குக் குடல்லயும் சின்னச் சின்னக் கட்டி இருக்கும். விட்டா புற்றுநோயா மாறலாம். உங்க குடும்பத்துல யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருக்கா?"

பக்கத்துக் கதிரையில் இவர், என் வீட்டுக்காரர். "இல்ல டொக்டர்" என்றேன். யோசிக்கவே இல்லை.

மார்ச் 6

அப்பா செத்தது அந்த நோயில்தான். நாற்பத்தொன்பது வயதில். எனக்கு இப்போது ஐம்பத்தொன்று.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது, காமாலையில் போனார் என்று சொல்லச் சொன்னது அம்மா. அந்த நோய் உள்ள வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? தம்பி ரவிகுமாருக்கும் அதையே சொல்லித்தான் ஜெயராணியைக் கட்டிவைத்தோம். இருபத்தாறு வருஷம் சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மார்ச் 9

கழிவறையில் குனிந்து குனிந்து பார்க்கிறேன். சிவப்பா அது? நேற்று பீட்ரூட் சாப்பிட்டேனே — அதுவா? பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

மார்ச் 12

ஒஃபிஸில் அரைநாள் லீவு போட்டுத் தனியாகப் போனேன். "அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன் டொக்டர்." அவர் ஏசவில்லை. அப்பாவின் வயதை மட்டும் கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். பித்தப்பை இருக்கட்டும், முதலில் கமரா விட்டுக் குடலைப் பார்ப்போம் என்றார்.

கம்பளைக்கு வீடு திரும்பும் பஸ்ஸில், கமராவுக்கு இவரிடம் என்ன காரணம் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 20

நாளைக்குக் கமரா. பேதி மருந்து குடித்ததில், கழிவறைக்கு இது பதினோராவது தடவை. இவருக்குக் கல்லுக்கான சோதனை என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய்க்கு மேல் பொய்.

கதவுக்கு வெளியே நின்று கேட்கிறார்: "லட்சுமி, கல்லுக்கு எதுக்கு இந்தக் கழுவு கழுவுறாங்க?"

சிரிப்பு வந்தது. அது அழுகையாகிவிட்டது. கதவைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். "எங்கம்மாவுக்கு வலிப்பு இருந்ததை உங்க வீட்ல சொல்லிட்டா உன்னைக் கட்டினேன்? போய்ப் படு. காலையில நானும் வர்றேன்."

மார்ச் 21

இரண்டு கட்டி. எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏப்ரல் 2

புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டு வைத்திருந்தால் ஆகக்கூடிய வகை. கூடப்பிறந்தவர்களையும் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர்.

சாயங்காலம் ஹுன்னஸ்கிரியவில் இருக்கும் தம்பிக்குப் போன் எடுத்தேன். ரவிகுமாருக்கு நாற்பத்தாறு. கட்டி, கமரா எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் அவன் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அக்கா, எனக்கு மூணு மாசமா ரத்தம் போகுது. ஜெயராணிகிட்ட மூலம்னு சொல்லி வச்சிருக்கேன்."

ஏப்ரல் 18

பேராதனை. வெளியே மர வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பி உள்ளே, கமராவுக்கு. பக்கத்தில் அவன் பெண்டாட்டி ஜெயராணி.

"அண்ணி, மாமா உண்மையில எதுல செத்தாரு?" என்று கேட்டாள். நோயின் பெயரைச் சொன்னேன்.

"இது தெரிஞ்சிருந்தா, முதல் நாளே இழுத்துட்டு வந்திருப்பேனே அண்ணி."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது. அவனைக் கூட்டிப்போய் ஒன்றரை மணி நேரமாகிறது.