நெஞ்சுவலி என்று சொல்லி வைத்தோம்

12 ஜூன் 2024, புதன்

போளூர் வண்டியில் இன்று நிற்க இடமில்லை. ஒரு பெரியவர் கோழியை மடியில் வைத்துக்கொண்டு, “கண்டக்டரே, இதுக்கும் டிக்கெட் உண்டா?” என்று என்னைக் கேட்டு வண்டியையே சிரிக்க வைத்தார். வீட்டுக்கு வந்ததும் எழிலிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தறியில் கை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே மாதத்தில் மூன்றாவது புடவை. புடவை முதலாளி எனக்கே போன் செய்து, “உங்க வூட்டம்மா மாதிரி கை இந்தத் தெருவுலயே இல்ல” என்றார். பெருமையாகத்தான் இருந்தது.

சோறு மட்டும் தட்டில் அப்படியே. “பசி இல்லீங்க” என்றாள். நேற்றும் அதையேதான் சொன்னாள். போன வருடம் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து நிமிர முடியாமல் கிடந்தவள். இப்போது இப்படி ஓடுகிறாள் என்றால் உடம்பு தேறிவிட்டது என்றுதானே அர்த்தம்?

21 ஜூன், வெள்ளி

எழுத்து கோணல் மாணலாக வருகிறது. பரவாயில்லை.

மகள் காவ்யா டெப்போவுக்கு போன் செய்தாள். எழில் தறிமேலேயே சாய்ந்திருக்கிறாள், கை கால் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. நாக்கைக் கடித்து ரத்தம். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் தறிக்குழியிலிருந்து தூக்கியிருக்கிறார்கள். பிளஸ் டூ படிக்கிற பெண் தனியாக நின்று இதைப் பார்த்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எழிலின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “ஏதாவது மாத்திரை தொடர்ந்து சாப்பிடறாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். எங்கள் வீட்டில் யாருக்கும் எந்தப் பழக்கமும் கிடையாது, நான் பீடிகூடத் தொட்டதில்லை என்று அடித்துச் சொன்னேன். காவ்யா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா... அம்மா வலி மாத்திரை போட்டுகினுதான் இருக்குது. நெறைய.”

என் வீட்டில் நடந்தது. எனக்குத் தெரியவில்லை.

24 ஜூன், திங்கள்

வேலூரில் மனநல டாக்டர். பெண். ‘மனநலம்’ என்ற போர்டைப் பார்த்ததும் எழில் படியிலேயே நின்றுவிட்டாள். “நான் இன்னா பைத்தியமா?” கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

ஆபரேஷன் வலிக்காகச் சில நாளுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை. அதற்குப் பிறகு சீட்டே இல்லாமல் கடையில் வாங்கியிருக்கிறாள். ஒன்று இரண்டானது. இரண்டு அட்டையானது. டாக்டர் நிதானமாகச் சொன்னார்: “இது காய்ச்சல் மாத்திரை மாதிரி இல்லீங்க. அபின் வகையைச் சேர்ந்தது. மூளைல போய் வேலை செய்யும். நாளாக நாளாக அதே அளவு பத்தாது. அளவு ஏறினா வலிப்பு வரும். திடீர்னு நிறுத்தினாலும் உடம்பு தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.”

பசி போனது, மலச்சிக்கல், ஓயாத அரிப்பு, மயக்கம் — எல்லாம் இதனால்தானாம். நான் சூடு என்று நினைத்து இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“இதுக்கு அடிமைன்னு பேரா டாக்டர்?” எழில்தான் கேட்டாள்.

“நோய்னு பேரும்மா” என்றார்.

வண்டியில் திரும்பி வரும்போது ஆரணி வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

2 ஜூலை

மூக்கு ஒழுகுகிறது. ஓயாத கொட்டாவி. காலை நீட்டி மடக்கி நீட்டி மடக்கி — “எலும்புக்குள்ள எறும்பு ஊறுதுங்க” என்கிறாள். அளவைக் குறைத்ததற்கே இந்தப் பாடு.

10 ஜூலை

இன்று அரிசி டப்பா, நூல் பெட்டி, தலையணை உறை எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எழில் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டிக்கெட் இல்லாம ஏறினவள செக் பண்ற மாதிரி பண்றீங்களே.”

கொட்டியதை எல்லாம் நானே அள்ளி வைத்தேன்.

9 ஆகஸ்ட், வெள்ளி

ஆடி வெள்ளி. மூன்று பேரும் படவேடு அம்மன் கோயிலுக்குப் போய் வந்தோம். கூட்டத்தில் காவ்யாவின் செருப்பு தொலைந்துபோனது. எழில் தன் செருப்பை அவளுக்குக் கொடுத்துவிட்டு, சுடுகிற தரையில் குதித்துக் குதித்து நடந்தாள். நடந்துகொண்டே சிரித்தாள். எத்தனை காலமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! வழியில் இரண்டு தட்டு பொங்கல் சாப்பிட்டாள்.

போன வாரம் டாக்டர் மாத்திரையை முழுசாக நிறுத்திவிட்டார். ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: “உடம்பு பழைய அளவ மறந்துடும். தப்பித் தவறி பழைய மாதிரி போட்டா உயிருக்கே ஆபத்து.” அந்தப் பேச்சே இனி எதற்கு என்று இருந்தது எனக்கு.

18 செப்டம்பர், புதன்

எழிலுக்குத் தூக்கம் இல்லை. இடுப்பு வலி திரும்பிவிட்டது. உண்மையான வலி, நடிப்பில்லை. தறியில் கொஞ்சம் உட்கார்ந்தாலே முகம் வெளுக்கிறது. முதலாளி தீபாவளிக்குப் புடவை கேட்டு ஆள் அனுப்புகிறார்.

“தறிய விட்டுடு. என் சம்பளம் போதும்” என்றேன். கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

“வலிக்கு மட்டும்தான் அதப் போட்டேன்னு நெனச்சிகினு இருக்கீங்களா? அதப் போட்டா மனசு லேசாயிடும். ஆபரேஷனுக்கு அப்புறம் நான் எத்தினி நாளு அழுதுகினே நெய்தேன், தெரியுமா உங்களுக்கு? நீங்க டூட்டிக்குப் பூடுவீங்க. காவ்யா ஸ்கூலுக்குப் பூடும். நானும் தறியும்தான்.”

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அழட்டும் என்று தோளைக் கொடுத்தேன். அவள் அழவில்லை, எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

அடுத்த மாதம்தான் டாக்டரிடம் போக வேண்டும். முன்னாலேயே போய்விடலாமா? டெப்போவில் லீவு தர மாட்டோம் என்கிறார்கள்.

8 அக்டோபர், செவ்வாய்

மத்தியானம் சாப்பிட வந்தேன். எழில் தறிப் பக்கத்தில் பாய் போட்டு நல்ல தூக்கம். குறட்டைகூட விடுகிறாள். எத்தனை வாரமாகக் கண் மூடாமல் புரண்டவள்! எழுப்ப மனசு வரவில்லை. சத்தமில்லாமல் சோறு போட்டுச் சாப்பிட்டு, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். அடுத்த டிரிப்புக்குக் கிளம்ப வேண்டும். இன்றைக்காவது தூங்கட்டும்.

11 அக்டோபர்

எழில் இல்லை.

26 அக்டோபர், சனி

காரியம் முடிந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் தலை வெடித்துவிடும்.

எட்டாம் தேதி சாயந்திரம் காவ்யா ஸ்கூலிலிருந்து வந்து எழுப்பியிருக்கிறாள். உடம்பு சில்லென்று இருந்திருக்கிறது. உதடு நீலம். தலைமாட்டில் பாய்க்கு அடியில் காலி அட்டை. பழைய அளவு. இடுப்பு வலி தாங்காமல் போட்டாளா, மனசு தாங்காமலா, தூக்கத்துக்கா? சாகத்தான் போட்டாளா? இல்லை. அடுப்படியில் ராத்திரிக் குழம்புக்கு மொச்சை ஊற வைத்திருந்தாள். சாகப் போகிறவள் மொச்சை ஊற வைப்பாளா?

டாக்டருக்கு போன் செய்தேன். குறட்டையைப் பற்றிச் சொன்னேன். “அது தூக்கம் இல்லீங்க. மூச்சு திணறுறப்போ அப்படித்தான் சத்தம் வரும்... உங்களுக்கு நான் அதைச் சொல்லியிருக்கணும்” என்றார்.

ஃபேனைக் கூட்டி வைத்தேன். அய்யோ, ஃபேனைக் கூட்டி வெச்சிட்டுப் போனேனே எழிலு. தொட்டு எழுப்பியிருந்தா? ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருந்தா? இன்னா மனுசன்டா நீ.

ஊரில் எல்லோரிடமும் நெஞ்சுவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாத்திரை என்று சொன்னால் என்னென்ன பேசுவார்கள் அவளை! காவ்யாவுக்குப் பிடிக்கவில்லை. “ஏம்பா பொய் சொல்ற?” என்றாள். பிறகு, “மத்தியானம் நீ வந்தியே. பாக்கலியா?”

“தூங்கறான்னு நெனச்சேம்மா.”

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

1 நவம்பர்

தீபாவளி போய்விட்டது. வெடிச் சத்தத்துக்கு இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தோம்.

5 டிசம்பர்

காவ்யா சமைத்து வைத்துவிட்டுத் தன் தட்டோடு அறைக்குப் போய்விடுகிறாள். சாப்பிடுகிறேன். “உப்பு போதுமா?” என்றுகூடக் கேட்பதில்லை.

20 ஜனவரி 2025, திங்கள்

தறியில் பாதிப் புடவை நின்றுகொண்டிருந்தது. அதை முடிக்க முதலாளி பின்தெரு முனியம்மாவை அனுப்பியிருக்கிறார். பொங்கல் கழிந்ததிலிருந்து வருகிறாள். எழிலைவிடச் சின்னவள்; கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறாள்.

இன்று நான் டூட்டி முடிந்து வந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

“அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. எழிலு அக்கா எவ்ளோ ஜல்தியா நெய்யும்! எனுக்கு நிமிரவே முடியல. அக்கா ஏதோ மாத்திரை போடும்னு சொல்லிகினு இருந்துச்சு. பேரு தெரியுமா? நானும் வாங்கிக்குவேன்.”

தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

“அந்த மாத்திரைதான் அவளக் கொன்னுச்சு முனியம்மா” என்றேன்.

“அக்காவுக்கு நெஞ்சுவலின்னு...”

“பொய். நான்தான் சொன்னேன்.”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வலிப்பு, வேலூர், விட்டது, திரும்பப் போட்டது. அந்தக் குறட்டைக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

பின்னால் காவ்யா வந்து நின்றது எனக்குத் தெரியாது.

“அம்மா தூங்குதுன்னு அப்பா நெனச்சிட்டாரு அத்தை” என்றாள். “நானா இருந்தாலும் அப்பிடித்தான் நெனச்சிருப்பேன்.”

முனியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப இந்த வலிக்கு இன்னாதான்ணா பண்றது?” என்றாள்.

வியாழக்கிழமை எனக்கு ஓய்வு நாள், எலும்பு டாக்டரிடம் காட்டலாம், உன் வீட்டுக்காரரையும் கூட்டி வா என்றேன். சரி என்றாள். அவள் போன பிறகு காவ்யா இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். இரண்டையும் ஒரே இடத்தில்.