குடோன் இல்லாத தரிசனம்

கும்மிடிப்பூண்டி

அன்பு மகள் மோனிகாவுக்கு, ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு நன்றாக இருக்கிறோம். நீயும் அந்த அஸ்ஸாம் குளிரில் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். போன ஞாயிறு நம் மூப்பர் ஜெரால்ட் அண்ணன் உனக்குக் கொண்டுவந்த சம்பந்தத்தை சபை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், அதனால் எழுதுகிறேன். மிஷன் ஆஸ்பத்திரி வேலையை நிரந்தரமாக்கித் தருகிறார்கள், அங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாயே, அதற்கும் இதில் பதில் இருக்கிறது.

மாப்பிள்ளை அவருடைய அண்ணன் மகன், காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை, பையன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சபை மூப்பர் பெண் கேட்கிற மாதிரியா கேட்டார்? எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, "சிஸ்டர், ஆண்டவர் எனக்கு தரிசனத்துல காட்டிட்டாரு, மோனிகா வேலைய வுட்டுட்டு வந்து எங்க ஊட்டு மருமவளா ஆவணுமாம், தேவசித்தத்த தடுத்தா ஆசீர்வாதம் பூடும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்ணே, மோனிகா நம்பர் ஆண்டவராண்ட இல்லியா, உங்களுக்குத்தான் போட்டாரா" என்று கேட்டுவிட்டேன். உன் அப்பா என் முந்தானையை இழுத்துக்கொண்டே "மெதுவா பேசுமே, மூப்பரு" என்கிறார்.

உனக்குத் தெரியும், திருப்பூரிலிருந்து நம் குடோனில் பனியன் வேஸ்ட் துணி மூட்டை வந்து இறங்கினால் மேலே தெரிகிற வெள்ளையைப் பார்த்து நான் எடுப்பதில்லை, ஓரத்தைக் கிழித்து நடுவில் கை விடுவேன். கம்பெனிக்காரன் மிஷின் துடைக்க வெள்ளை கேட்டால் வெள்ளைதான் போக வேண்டும், உள்ளே சாயத்துணி வைத்துக் கட்டினவனுக்கு மூட்டை திரும்பிப் போகும். அப்படித்தான் இவர் தரிசனத்துக்குள்ளும் கை விட்டேன். "சரிண்ணே, ஆண்டவர் சித்தம்னா நடக்கட்டும், ஆனா என் குடோனு பொண்ணுகூட வராது, எனக்கப்பறம் மூட்டை பிரிக்கிற லோகுதான் பாத்துப்பான், இப்பவும் அதே தரிசனந்தானே" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். "ஜெபிச்சுட்டு சொல்றேன் சிஸ்டர்" என்றார். இன்றுவரை சொல்லவில்லை.

போகும்போது சும்மா போகவில்லை. "பொண்ண இட்டாரணும்னு நீகூடத்தான் உபவாசம் போட்டுக்கினு கீறே, அது யாரு சித்தம்" என்று குத்தினார். "என் சித்தம்தாண்ணே, அப்டின்னு சொல்லித்தான் கேட்டுக்கினு கீறேன், என் சரக்குக்கு அவர் பேர ஒட்டி விக்கல" என்றேன். ஆசைப்படுவதே பாவம் என்று எவன் சொன்னாலும் நம்பாதே மகளே. சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்தில் மண்டியிட்ட இயேசுவே தமக்கு வேண்டியதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பிதாவிடம் விட்டுக்கொடுத்தார். நீயும் உன் பெயரிலேயே கேள், பிறகு அவர் வெட்டினாலும் கூட்டினாலும் வாங்கிக்கொள்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் என் உபவாசத்துக்குள்ளும் கை விட்டுப் பார்த்தேன். மேலே உன் பாதுகாப்பு, நடுவில் முழுக்க எனக்குக் கல்லாவில் உட்கார ஒரு ஆள். மாடியில் உனக்கு அறை கட்டினதும் அதற்குத்தான். வெட்கமொன்றும் இல்லை, பெற்றவள் கேட்பேன். அதற்காக அதை உன் தலையில் கட்டமாட்டேன். பிரசவ வார்டில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால்தான் நான் எதற்குப் பிறந்தேன் என்று தெரிகிறது என்றாயே, ஆண்டவர் அங்கே உன்னோடு நேராகப் பேசும்போது நடுவில் ஜெரால்ட் அண்ணனோ நானோ எதற்குத் தரகு? அந்த நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடு.

கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக, நீ தூக்குகிற ஒவ்வொரு பிள்ளையும் பிழைக்கட்டும். ஸ்வெட்டர் போடாமல் ட்யூட்டிக்குப் போகாதே. ஆண்டவரோடு பேசி முடித்துவிட்டேன்: வருஷம் முழுக்க நீ அவருடையவள், கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு ஆராதனை முடிகிறவரை என்னுடையவள். இதற்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.

இப்படிக்கு, விட்டுக்கொடுத்த உன் அம்மா
ஏஞ்சலின் பாக்கியநாதன்